பருத்திக்கு முதல் தண்ணீர்

என் அப்பாவின் வேலை தண்ணீரை விரட்டுவது. தோட்டத்தில் அதற்குக் கான் வெட்டு என்று பெயர். மழை தேயிலை மலையின் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வடிகால் வெட்டி, விழுந்த தண்ணீரையெல்லாம் ஓடைக்கு அனுப்பிவிட வேண்டும். கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும். மீதிப் பாதி நாள் பெய்யப்போவதுபோல் இருக்கும். அப்பா முழங்கால்வரை சேற்றோடு வந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவிவிட்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைக்குள் உட்காருவார். உட்கார்ந்ததும் கடலுக்கு அப்பால், சாத்தூர்ப் பக்கத்தில் கிடந்த மூன்று ஏக்கர் கரிசல் காட்டில் தண்ணீர் இல்லையே என்று கவலைப்படத் தொடங்குவார்.

அம்மாவின் காதிலும் கழுத்திலும் இருந்த நகையெல்லாம் போய், அதற்கு ஈடாக வந்த நிலம் அது. நாங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நாட்டுக்காரர் என்றும் யாரும் சொல்லவில்லை. என்றைக்காவது கப்பலேறச் சொன்னால் போய் இறங்க ஓரிடம் வேண்டுமே என்றுதான் அப்பா அதை வாங்கிப்போட்டார். பார்த்துக்கொள்ளத் தன் தம்பியை, என் சித்தப்பாவை, அனுப்பிவைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா பன்னிரண்டு வயதுவரை பருத்திக் காட்டில் வளர்ந்துவிட்டு இங்கே வந்தவர். சித்தப்பா இந்த லயத்திலேயே பிறந்தவர். தேயிலையைத் தவிர வேறு செடி அறியாதவர். ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்து நிரந்தரச் சம்பளம் வாங்கியவர் அப்பா. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு அவர் போக முடியாது. ஆகவே பருத்தி தெரிந்தவர் கான் வெட்டினார், தேயிலை தெரிந்தவர் பருத்தி விதைத்தார்.

விவசாயம் தபாலில் நடந்தது. எப்போது உழுவது, எப்போது களை எடுப்பது என்று சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதிக் கேட்பார். அப்பா சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எனக்கு வயது பத்து; தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வந்த கடிதத்தைப் படிப்பதும் நான்தான், போகும் கடிதத்தை எழுதுவதும் நான்தான். பக்கத்து அறைக்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். வருகிறவர்களை உடனே கவனிக்காமல் கொஞ்சம் காக்கவைத்து எழுதும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. சித்தப்பாவின் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும்: “கடிதம் எழுதும் என் மகளுக்கு என் அன்பு.” ஐந்து வயதில் என்னைத் தோளில் வைத்து ஹட்டனுக்கு ரயில் பார்க்கக் கூட்டிப்போனவர் அவர். அவர் போனதிலிருந்து அவர் முகம் எனக்கு மங்கிக்கொண்டே வந்தது.

முதல் வருட வெள்ளாமை பூச்சியில் போயிற்று. இரண்டாவது வருடமும் போனால் நிலம் கையில் நிற்காது என்று சித்தப்பா எழுதியிருந்தார். அந்த இரண்டாவது வருடம் புரட்டாசியில் வந்த கடிதம் இன்னும் எனக்கு மனப்பாடம். ஒரு மழையை நம்பி விதைத்தாயிற்று. செடி சாண் உயரம் வந்துவிட்டது. அதன் பிறகு மழையைக் காணோம். கிணற்றில் இருக்கும் தண்ணீர் மூன்று தடவை பாய்ச்சத்தான் காணும். மத்தியானத்தில் செடியெல்லாம் தலையைத் தொங்கப்போடுகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை, ஒரு தண்ணீர் இப்போதே விடட்டுமா அண்ணே என்று கேட்டிருந்தார்.

நான் படித்து முடித்ததும் அப்பா தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. பிறகு சொல்லத் தொடங்கினார்.

“எழுது புள்ள. மத்தியானம் வாடுறதப் பாத்துப் பதறாத. வெயிலுக்குத் தலையத் தொங்கப்போடும், பொழுது எறங்குனா நிமிந்துக்கும். இப்பவே தண்ணியக் காட்டுனா வேரு மேலாக்கவே கெடக்கும், கீழ எறங்காது. அப்பறம் காய் புடிக்கிற நேரத்துல கெணத்துல ஒண்ணும் இருக்காது. சப்பை வைக்கிற வரைக்கும் பொறு.”

சப்பை என்றால் பூவுக்கு முந்திய மொட்டு என்று எனக்குத் தனியாக விளக்கினார். பிறகு விரலை ஆட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

“ஆனா வெள்ளனப் போய்ப் பாரு. வெயில் ஏறுறதுக்கு முந்தி. காலையிலயும் நிமிராமக் கெடந்துச்சுன்னா அன்னைக்கே தண்ணிய விட்டுரு. என் கடுதாசிக்குக் காத்துக்கிட்டு நிக்காத.”

இதை மூன்று தடவை சொன்னார். எதையும் மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம். எங்கள் வாத்தியாரோ அந்த மாதம்தான் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார். நீட்டிப் பேசுவது பாமரர் பழக்கம், சுருக்கி எழுதுவது படித்தவர் பழக்கம் என்பது அவர் கட்சி. வகுப்பிலேயே நன்றாகச் சுருக்குகிறவள் என்று என்னைச் சொல்லியிருந்தார். நான் சுருக்கினேன். “செடி வாடினாலும் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். சப்பை வைக்கும்வரை பொறுக்கவும்.” அவ்வளவுதான். காலை, மத்தியானம் என்பதெல்லாம் எனக்கு அப்பாவின் வழக்கமான வளவளப்பாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், நான் அதுவரை வாடிய செடியைப் பார்த்ததே இல்லை. எங்கள் மலையில் காலையில் எல்லா இலையும் நனைந்துதான் இருக்கும். விடியற்காலையில் ஒரு செடி தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு நிற்கும் என்று சொன்னால் எனக்கு எப்படி விளங்கும்?

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. தாள் ஒன்றுதான். அதன் அடியில் எனக்கு இரண்டு வரி வேண்டியிருந்தது. “சித்தப்பா, பருத்திப் பூ என்ன நிறம்? எனக்கு ஒன்று காயவைத்து அனுப்பவும்” என்று எழுதிக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் அப்பா எந்தக் கடிதத்தையும் ஒட்டவிட மாட்டார். அன்றைக்குப் பார்த்துக் கங்காணி வந்து, மேல்மலையில் கான் உடைந்துவிட்டது, கண்டாக்கையா கூப்பிடுகிறார் என்று கத்தினார். கங்காணிக்கும் மேலே உள்ள அதிகாரி அவர். அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். கடிதத்தை நானே ஒட்டி மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்கள். நான் உரக்கப் படித்தேன். அண்ணே, நீங்கள் எழுதியபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இப்போது நாலு நாளாகக் காலையிலும் செடி தலை தூக்கவில்லை. சப்பை இன்னும் வைக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் பாய்ச்சச் சொல்லித் திட்டுகிறார். உங்கள் பேச்சை மீறி எதுவும் செய்ய மாட்டேன். என்ன செய்யட்டும், உடனே எழுதவும்.

அப்பா எழுந்து நின்றார். “தேதி என்னா போட்டிருக்கு?” என்றார். சொன்னேன். பதினாறு நாள் ஆகியிருந்தது. மழையில் எங்கேயோ தண்டவாளத்தில் மண் சரிந்து தபால் தங்கிவிட்டிருந்தது.

“காலையில வாடுனா விட்டுருன்னுதான சொன்னேன்? எழுதுனியா?”

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஆகவே அடிக்குப் பயந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடிதம் எழுதும் பிள்ளை என்ற என் பவிசு போய்விடும் என்றுதான் பயந்தேன்.

“எழுதுனேன்பா.”

“நல்லா வெளங்குற மாதிரி எழுதுனியா?”

“எழுதுனேன்.”

“எழுதியும் கேக்குறானே, முட்டாப்பய” என்று சொல்லிக்கொண்டே அப்பா கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஹட்டன் தபால் கந்தோருக்குத் தந்தி கொடுக்கப் போனார். அன்று அவர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பெரட்டைத் தவறவிடாதவர்.

தந்தி போய்ச் சேர்ந்தது. அதற்கான கடிதமும் வந்தது. இரண்டு நாள் மாடு கட்டி இறைத்துக் கிணற்றில் இருந்த தண்ணீர் முழுவதையும் விட்டுப் பார்த்திருக்கிறார் சித்தப்பா. ஓரத்தில் நின்ற சில செடிகள் நிமிர்வதுபோல் நிமிர்ந்து பிறகு படுத்துவிட்டன. மற்றவை விறகு. கிணற்றில் சேறுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அடியில் எனக்கும் ஒரு வரி இருந்தது. “பூ என்ன நிறம் என்று என் மகள் கேட்டிருந்தாள். இந்த வருடம் பூக்கவில்லை என்று சொல்லவும்.”

அந்த வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அப்பா பதில் எழுத உட்காரச் சொன்னார். அவர் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

“காலையில பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எழுத்துலயும் போட்டு அனுப்புனேன். நீ கண்ணிருந்தும் குருடன். உன்ன நம்பி என் பொஞ்சாதி காத அறுத்துக் குடுத்தா. நெலத்த வித்துப்போட்டு எங்கயாவது போ. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. இனிமே கடுதாசி போடாத.”

அம்மா என் பக்கத்தில் வந்து குந்தினார்கள். “கொஞ்சம் பாத்து எழுது புள்ள. அவுக ஏதோ ஆத்துரத்துல சொல்றாக. அப்புடியே எழுதாத தாயி” என்று என் காதில் கெஞ்சினார்கள்.

நான் அம்மாவை முறைத்தேன். இனிமேல் யார் சொன்னதிலும் ஒரு சொல்லைக்கூட விடுவதில்லை என்று முதல்நாள் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்திருந்தேன். அப்பா சொன்ன அத்தனையையும், சொன்ன வரிசையிலேயே, அழகான கையெழுத்தில் எழுதினேன். அப்பா படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு எழுத்து குறையவில்லை. என் பாவத்துக்குப் பரிகாரம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

சித்தப்பா அதற்கு மட்டும் ஒரு பதில் போட்டார். அவர் எழுதியதில் அதுதான் ஆகச் சின்னக் கடிதம். “அண்ணே, தப்பு என்னுடையதுதான். காலையில் பார்க்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான்தான் சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளை தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். மன்னிக்கவும்.”

அப்பா மன்னிக்கவில்லை. நிலம் விற்றுப்போயிற்று. சித்தப்பா எங்கேயோ கல்லுடைக்கப் போனதாக ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அவர் காய்ச்சலில் இறந்துபோன செய்தி வந்தபோது அதையும் நான்தான் படித்தேன். அப்பா கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பிறகு எங்களைக் கப்பலேறச் சொன்ன நாளும் வந்தது. போய் இறங்க எங்களுக்கு ஓரிடமும் இல்லை. அப்பா சாகும்வரை தம்பி பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு நானும் எதையும் சொல்லவில்லை.

நான் எழுதிய அந்தக் கடிதத்தில் காலை என்ற சொல்லே கிடையாது. அது எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கையில் வைத்திருந்த சித்தப்பாவுக்கும் தெரியும். மடித்து ஓர் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், யாரையாவது வைத்து அப்பா அதைப் படிக்கச் சொல்லியிருப்பார். தம்பி தம்பியாகவே இருந்திருப்பார். இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது. அன்றைக்கு “பிள்ளை தெளிவாகத்தான் எழுதியிருந்தாள்” என்ற வரியை அப்பாவுக்கு நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஒருவேளை எழுதித்தான் இருந்தோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. மனம் லேசாயிற்று. கூடவே சித்தப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. முதலிலேயே ஒழுங்காகப் படித்திருந்தால், இத்தனை நாள் நான் பயந்து செத்திருக்க வேண்டாமே என்று.