ஒரு குக்கர் விசில் நேரம்

போன வருஷம் கணபதி சிலைகளைக் கரைக்கக் கொண்டுபோகும் விசர்ஜன ஊர்வலத்தன்று, புனே லட்சுமி ரோட்டில் பிற்பகலில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பேண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிச்சயமாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். புனேயிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

நாங்கள் மூன்று பேர். கிடார் வாசித்தவர் ஔந்த்தில் இருந்த மராட்டி நண்பர். டிரம்மரும் மராட்டிக்காரர்தான். ரஞ்சன்காவில் நான் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் இருப்பவர். கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, தூங்குகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்குவார். அப்படித்தான் பழக்கமானார். பேஸ் கிடாரும் பாட்டும் நான். பாட்டு எல்லாமே தமிழில். அவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எங்கே உருக வேண்டும் என்று மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

சாங்வியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருக்கும் ஃப்ளாட்டின் சின்ன ரூமில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பயிற்சி. சத்தம் வெளியே போகாதிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைப்போம். எங்கள் சத்தம் வெளியே போயிற்றோ இல்லையோ, பக்கத்து வீட்டு காக்கூவின் குக்கர் சத்தம் தவறாமல் உள்ளே வந்துவிடும். காக்கூ என்றால் இங்கே அத்தை, சித்தி மாதிரி. அருமையான மனுஷி. அவர் பருப்பை வேக வைக்காத ஞாயிறே கிடையாது.

பஸ் ஜன்னலோரம் தூங்கிப் போகும் ஒருத்தியைப் பற்றி ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தோம். நாலாவது வரி முடிகிற இடத்தில் விசில் வரும். மைக்கில் விழுந்துவிடுமே என்று மூவரும் சட்டென்று நிறுத்துவோம். விசில் அடங்கியதும் ஒன்றாகப் பாட்டுக்குள் விழுவோம். வாரா வாரம் இப்படியே செய்து, கடைசியில் அது பாட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்டூடியோவில் போய் அதைப் பதிவு செய்தபோது அங்கே குக்கரே இல்லை. ஆனாலும் மூவரும் அதே இடத்தில் நின்றோம். சவுண்ட் பார்த்தவர் ஒயர் கழன்றுவிட்டதோ என்று எழுந்து வந்தார். “இல்லை, அங்கே குக்கர் இருக்கு” என்றார் டிரம்மர், சிரிக்காமல்.

பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஔந்த்தில் ஒரு கஃபேயில் மாதம் ஒரு முறை வாசிப்போம், காபி மிஷின் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு. காலேஜ் விழாக்களில் சினிமாப் பாட்டு கேட்பார்கள். ஒருமுறை மும்பை வரை வேனில் போய், சவுண்ட் ஆளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு வாசித்துவிட்டு வந்தோம். மழைக்காலம் முழுக்க டிரம்மர் கிடைக்க மாட்டார். கணபதி ஊர்வலத்தில் பெரிய மேளங்களைத் தோளில் மாட்டி அடித்து வரும் டோல்-தாஷா குழு ஒன்றில் அவர் இருந்தார். ஆற்றங்கரையில் அதற்குப் பயிற்சி. பேண்ட் அந்த மாதங்களில் தூங்கும். அந்தத் தூக்கமும் எனக்குப் பிடித்தே இருந்தது, எழுந்ததும் பாட்டு காத்திருக்கும் என்பதால்.

போன வருஷம் கோடையில் கிடார் நண்பர் மனைவிக்கு வேலை கிடைத்து கனடா கிளம்பினார். கடைசி ஞாயிறு வாசித்து முடித்து, ஒயர்களைச் சுருட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டில் விசில் வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் பாட்டு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே எழுந்தோம்.

அதன்பிறகு நான் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டேன். பேஸ் கிடார் உறையோடு பீரோ மேலே ஏறியது. இத்தனை வருஷம் கொட்டியதில் மிச்சம் என்ன என்ற கேள்வி மட்டும் கம்பெனி பஸ்ஸில் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில், “அந்த டொம்மு டொம்முங்கறத நிறுத்தீட்டயா கண்ணு? நல்லதாப் போச்சு” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

விசர்ஜனத்தன்று என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. “மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருப்பே? வா, சும்மா பாத்துப்போட்டு வரலாம்” என்றார். போனோம்.

தூறல். குடைகள். மேலே பால்கனிகளிலிருந்து பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. கூட்டம் தள்ளுகிற பக்கம் போய்க்கொண்டிருந்தோம், தண்ணீருக்குள் நடப்பது போல. வெள்ளைக் குர்தாவும் காவித் தலைப்பாகையுமாக ஒரு குழு வந்தது. டோல் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே விலாவில் இடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் விரல்கள் துப்பட்டா ஓரத்தில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தன. எந்தப் பாட்டுக்கு என்று யோசித்து முடிப்பதற்குள் சத்தம் நின்றது.

அத்தனை டோலும் ஒரே நேரத்தில். ஓங்கிய குச்சிகள் காற்றில் அப்படியே நின்றன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் காலில் தடுமாறினார்கள். குடைகளின் மேல் தூறல் விழுவது கேட்டது, எங்கோ ஒரு மணி கேட்டது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

“குக்கரு” என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

டோல்களின் அடி ஒன்றாக விழுந்தது. தெருவே குதித்தது. மூன்றாவது வரிசையில் எங்கள் டிரம்மர், கண்ணை மூடிக்கொண்டு.

ஊர்வலம் நின்ற இடத்தில், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என் அரைகுறை இந்தியில், இப்போது வாசித்தது என்ன என்று கேட்டேன். அவள் தோளில் டோலின் பட்டை சிவப்பாகப் பதிந்திருந்தது. “ஷிட்டி” என்றாள். மராட்டியில் விசில். ஏன் அந்தப் பெயர் என்றேன். தெரியாது, அதன் பெயரே அதுதான் என்றாள். பக்கத்துக் குழு இதைக் காப்பியடிக்கப் பார்க்கிறது என்று பெருமையாக வேறு சொன்னாள்.

அதற்குள் டிரம்மர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை. அவர் அதைப் பார்க்காதவர் போல இந்தியில் சொன்னார்: “நான் சொல்லிக் குடுத்ததும் அடிக்கறதுக்கு சீக்கிரம் கத்துக்கிட்டாங்க. சும்மா நிக்கத்தான் வரல. மழைக்காலம் பூரா அதுக்கே போச்சு. காக்கூவை ஒரு நாள் குக்கரோட கூட்டிட்டுப் போயிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்.”

ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நல்லா வரலைன்னா?” என்றார். அதற்குள் குழுத்தலைவர் கூப்பிட, டோலை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

வீட்டுக்காரர் போனில் எடுத்திருந்த வீடியோவைக் கனடாவிலிருக்கும் கிடார் நண்பருக்கு அனுப்பினேன். எழுத்தாக ஒன்றும் வரவில்லை, குரல் பதிவு வந்தது. அதில் சத்தமே இல்லை. ஒரு விசில் நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

இந்த வருஷமும் மழை தொடங்கிவிட்டது. சாயங்காலங்களில் ஆற்றுப் பக்கமிருந்து டோல் சத்தம் எங்கள் சமையலறை வரை மிதந்து வருகிறது. பேஸ் கிடாரை பீரோ மேலிருந்து இறக்கிவிட்டேன். எங்கள் பாட்டு யாருக்கு நினைவிருக்கிறது என்று இப்போதெல்லாம் தேடுவதில்லை; மூன்று பேர் ஒரு சின்ன ரூமில் குக்கருக்காக வாயை மூடிக்கொண்ட அந்த நேரத்தை, எங்களைத் தெரியாத ஒரு கூட்டம் இந்த மழையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழகுகிறதே, அது போதும் எனக்கு.