இறங்குவது நூறு, ஏறுவது பத்து

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கத்திரி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது தொழில். பிள்ளைகள் பிறந்ததும் விட்ட வேலை அது. திரும்பக் கேட்டபோது எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு ஸ்டுடியோ முதலாளிதான் மனமிறங்கி ஒரு கல்யாணப் படத்தைக் கொடுத்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க படம் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அது என் கைக்கு வந்துட்டா வேலை நிரந்தரம். இல்லன்னா என்னை மறந்துடும்மா" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

படம் பதினெட்டு ஜிபி. கொழுந்தன் போட்டுக்கொடுத்த இணைய இணைப்பு நொடிக்கு நூறு மெகா. வகுத்துப் பார்த்தாள், மூன்றே நிமிடம். பிசிறு தட்டிய இடங்களை நிதானமாகச் சரிசெய்துவிட்டு, மூன்று மணிக்கு அனுப்பினாள். இன்னும் நான்கு மணி நேரம் ஆகும் என்றது திரை. அடுத்த அறையிலிருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நூறு நூறுன்னு பீத்திக்கிட்டீங்களே, எங்க அது?"

"அண்ணி, அது மெகாபிட். ஃபைலை அளக்கிறது மெகாபைட்ல. எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட்."

"எட்டால வகுத்தாலும் அரை மணி நேரத்துல போயிருக்கணுமே?"

அவன் தலையைச் சொறிந்தான். "நூறு, நெட்லேருந்து இறங்குறதுக்கு. நாம ஏத்துறதுக்குப் பத்துதான்."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

"படத்தைச் சுருக்கி அனுப்பிடுங்க அண்ணி."

"பெரிய திரையில போடுறாங்க. மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். மாட்டேன்."

மறுபடியும் கணக்குப் போட்டாள். ஸ்டுடியோவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பதினெட்டு ஜிபியை எட்டால் பெருக்கி, அந்த ஒரு மணி நேரத்தின் நொடிகளால் வகுத்தாள்.

"தம்பி, பஸ்ஸோட வேகம் நாப்பது மெகாபிட்! உங்க ஒயரைவிட நாலு மடங்கு!"

படத்தை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடினாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றே போனாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அவள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோதுதான் பெண் வீட்டார் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் பெண்ணின் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். முதலாளி வெளியே வந்தார்.

"அடுத்த கல்யாணமும் உனக்குத்தான். எடுத்தது மொத்தம் நூத்தம்பது ஜிபி இருக்கு. நெட்ல அனுப்பிவிடட்டுமா?"

கத்திரி கையை நீட்டினாள்.

"இப்பவே ஹார்ட் டிஸ்க்ல குடுங்க சார். திரும்பிப் போற பஸ் முந்நூறு மெகாபிட்டுக்கு மேல போகும்."