அளந்தவர் பெயர்

என் அக்கா யாரையும் திட்டமாட்டாள், கை நீட்டமாட்டாள். மனசில் வைத்துக்கொள்வாள். ஏழாம் வகுப்பில் நான் அவளுடைய பென்சிலைக் கடித்து வைத்ததை என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லிக்காட்டியவள் அவள். அப்படிப்பட்டவளிடம் போய் அந்த மனுஷன் வாலாட்டினார் பாருங்கள், அவருடைய துணிச்சலை என்ன சொல்ல!

அந்த மனுஷன் ஒரு கர்ட்டன் கடை முதலாளி. அக்கா அங்கே பதினொரு வருஷம் துணி வெட்டினாள். வீடுகளுக்குப் போய் ஜன்னலை அளப்பது அவர். வந்து வாயால் அளவு சொல்வார், இவள் வெட்டுவாள். ஒரு நாள் ஒரு வீட்டில் மாட்டிய கர்ட்டனெல்லாம் தரையைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலேயே நின்றுவிட்டன. வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்து கத்தினார்கள். முதலாளி யோசிக்கவே இல்லை, அக்காவைக் கை காட்டினார்.

"அளவு படிக்கத் தெரியாததையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தாங்க. நாளையிலருந்து இவ இருக்கமாட்டா."

ஐந்து தையல்காரர்கள் முன்னால், வந்தவர்கள் முன்னால் சொன்னார். எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டாவது இருந்ததா? இல்லை. அவர் என்ன அளவு சொன்னார் என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி, அந்த வாய் என்றைக்கு உண்மை பேசியது?

மறுநாள் தன் கத்திரிக்கோலை எடுத்து வரப் போனபோதுதான் அக்கா கண்டுபிடித்தாள். கடையின் பழைய டேப்பையும் தன் புது டேப்பையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். பழையது வருஷக்கணக்காக இழுபட்டு இழுபட்டு நீண்டுபோயிருந்தது. அது தொண்ணூறு அங்குலம் என்று காட்டினால் உண்மையில் தொண்ணூற்று மூன்று. அளப்பதும் வெட்டுவதும் அதே டேப்பில் நடந்தவரை தப்பு தெரியவில்லை. அந்த ஒரு நாள் அவர் பழைய டேப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், இவள் புது டேப்பில் வெட்டினாள். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

"கடை ஆரம்பிச்ச அன்னைக்கு வாங்கின டேப்மா இது. இதுவா பொய் சொல்லும்? போ, போ."

கதை தெரு முழுக்கப் பரவியது. வேறு எந்தக் கடையும் அவளை எடுக்கவில்லை. அக்கா நடந்து போனால் தையல்காரர்கள் "மூணு இன்ச்சு போகுது டோய்" என்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள். எனக்குத்தான் வயிறு எரியும். "அந்த ஆளைச் சும்மா விடப்போறியா?" என்று கேட்டால், "அவர் வாயால 'நான்தான் அளந்தேன்'னு சொல்லணும். அதே அஞ்சு பேர் முன்னாடி" என்பாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு எங்கள் முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, கர்ட்டன் தைத்து அனுப்ப ஆரம்பித்தாள். என் வேலை ஃபோனைப் பார்ப்பதும் பொட்டலம் கட்டுவதும். ஆர்டர் கேட்டு யார் எழுதினாலும் முதலில் ஒரு படிவம் போகும். ஜன்னலின் அகலம், கம்பியிலிருந்து தரைவரை உயரம். அடுத்த கேள்வி, அளந்தவர் பெயர். அதற்கடுத்தது, அளந்த டேப்பை ஓர் இரும்பு அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம். எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும், "மன்னிக்கவும், படிவம் முழுமையாக இல்லை" என்று எழுதிவைத்திருக்கும் பதில் உடனே போய்விடும். எல்லாம் நிரம்பியிருந்தால் அளவுகளை எண்ணிலும் எழுத்திலும் திருப்பி அனுப்புவோம். அவர்களிடமிருந்து "சரி" என்று பதில் வரும்வரை அக்கா கத்திரிக்கோலைத் தொடமாட்டாள்.

"இவ்வளவு கேட்டா எவன்க்கா வாங்குவான்?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாங்கினார்கள். மூன்று வருஷத்தில் அளவு தப்பு என்று ஒரு பொட்டலம்கூடத் திரும்பி வரவில்லை. ஆர்டருக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் அச்சடித்த படிவம். அந்தப் படிவத்தை எல்லாரும் கெட்டிக்காரத்தனம் என்று புகழ்வார்கள். எனக்கல்லவா தெரியும், ஒவ்வொரு கேள்வியும் அந்த ஆள்மேல் வைத்திருந்த கறுவு என்று.

போன வருஷம் ஒரு காலையில் வாசலில் வந்து நின்றார் முதலாளி. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு சின்ன மருத்துவமனைக்கு இருபத்திரண்டு ஜன்னல். அவருடைய கடைக்குத்தான் வேலை. ஆனால் அதைத் திறக்கும் டாக்டரம்மா இணையத்தில் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தையல் இவர்களுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி இருந்தது.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. நம்ம என்ன அந்நியமா?"

கதவைச் சாத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. படிவம் அனுப்பறேன், நிரப்பிடுங்க" என்றாள்.

சாயங்காலம் படிவம் வந்தது. அளந்தவர் பெயர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரையும், கூடவே 'உரிமையாளர்' என்றும் போட்டிருந்தார். பந்தா! டேப் படம் கேட்ட கட்டம் மட்டும் காலி. நான் வழக்கமான மன்னிக்கவும் பதிலை அனுப்பப் போனேன். அக்கா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள்.

"விடு. அளவை மட்டும் திருப்பி அனுப்பு."

"படம் இல்லையேக்கா. அதே பழைய டேப்பா இருந்தா?"

"அதேதான்."

அவள் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அளவு போனது, "சரி" வந்தது. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். அடிமடிப்பைத் தைக்கும்போது மட்டும் என்னைப் பக்கத்தில் விடவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். முதலாளி தன் ஐந்து தையல்காரர்களையும் மாட்டுவதற்கு அழைத்து வந்திருந்தார். எல்லாம் பழைய ஆட்கள்தான். முதல் கூடத்தில் ஆறு ஜன்னலுக்கு மாட்டி முடித்தார்கள். ஆறும் தரைக்கு மேலே மூன்று அங்குலத்தில் நின்றன. ஒருவன் களுக்கென்று சிரித்து, "மூணு இன்ச்சு!" என்றான்.

முதலாளிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "பாத்தீங்களா டாக்டர்? இவளை நான் ஏன் கடையை விட்டு அனுப்பினேன்னு இப்பவாவது தெரியுதா?"

அக்கா பதறவில்லை. அச்சடித்த படிவத்தை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். "அளந்தவர் பெயர் பாருங்க டாக்டர். அவர் சரின்னு சொன்ன பதிலும் கீழ இருக்கு." பிறகு பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துக் கொடுத்து, "அவர் டேப்பையும் வாங்கி நீங்களே ஒரு ஜன்னலை அளந்து பாருங்க" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறி அளந்தார். முதலாளியின் டேப்பில் தொண்ணூறு. இரும்பு டேப்பில் தொண்ணூற்று மூன்று. இன்னொரு ஜன்னலிலும் அதே கணக்கு. சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு ஒன்பது மணிக்குத் திறப்பு" என்றார் டாக்டரம்மா. "நான் என்ன செய்யறது?"

முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது பண்ணும்மா. மானம் போயிடும்."

"பண்ணலாம். ரெண்டு மணி நேர வேலை. அடியில மூணு அங்குலத்தை உள்ள மடிச்சு ஒரு ஓட்டுத்தையல் போட்டிருக்கேன். அந்த ஒரு வரியைப் பிரிச்சா தரை வரைக்கும் இறங்கிடும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் மூச்சு விடவில்லை, கல்லுளிமங்கி! "ஆனா அளந்தது யாருன்னு சொல்லுங்க."

"நான்தான்" என்றார், தரையைப் பார்த்து.

"சத்தமா. அவங்க அஞ்சு பேருக்கும் கேக்கலை."

"நான்தான்மா அளந்தேன்!"

"இது இன்னைக்கு. அன்னைக்கு?"

அவர் தையல்காரர்களைப் பார்த்தார், ஒருவரும் உதவிக்கு வரவில்லை. "அன்னைக்கும் நான்தான்" என்றார். பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

அக்காவுக்குப் போதவில்லை. அவிழ்ப்பதற்குக் கத்தியோடு முன்னால் வந்த தையல்காரரைத் தடுத்தாள். அந்தக் கத்தியை வாங்கி முதலாளியின் கையில் வைத்தாள்.

"அளந்தவர் பிரிக்கட்டும்."

கர்ட்டனின் அடியைப் பிரிக்க நின்றுகொண்டு முடியாது. மண்டிபோட்டுத்தான் ஆகவேண்டும். முதலாளி முதல் ஜன்னலுக்கு முன்னால் மெதுவாக மண்டிபோட்டார். அக்கா இரும்பு டேப்போடு அவர் தலைக்கு மேலே நின்று, இருபத்திரண்டு ஜன்னலும் முடியும்வரை எண்ணிக்கொண்டே வந்தாள்.