வேப்பிலை கட்டிய பதினோரு நாள்

லில்லி என்ற பெயரை இளவரசி முதன்முதலில் கேட்டது, கொழுந்தன் சத்யராஜ் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னபோதுதான். ஐயம்பேட்டைப் பெண், பட்டு நூல் இழைக்கிறவள், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்.

"நம்ம வீட்டுக் கூழு அவளுக்கு எறங்குமாடா?" என்று மட்டும் கேட்டாள் இளவரசி.

இறங்கியது. கல்யாணம் முடிந்து ஓர்ப்படிகள் இருவரும் ஏழு வருஷம் ஒரே அடுப்பில் பொங்கினார்கள்.

போன வருஷம் தை மாதம் லில்லியின் வாயில் புண் வந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவள், சாயம்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தும் ஆறவில்லை. ஆடியில் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் கண்டதும் இளவரசி வாசலில் வேப்பிலை கட்டினாள். ஆத்தா வந்திருக்கிறாள், மாத்திரை, ஊசி எதுவும் ஆகாது. லில்லி மறுத்துப் பேசவில்லை. வாய் திறந்தால் ரத்தம் கசிந்தது.

பதினோராம் நாள் லில்லியின் தம்பி டேனியல் வந்தான். வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வரலாமாக்கா?"

"தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் வாப்பா."

"எப்ப ஊத்துவீங்க?"

"கொப்புளம் காயட்டும்."

"ஆத்தா ஆறு மாசம் வாயில குடியிருந்துக்கினு, அப்புறமா மேலுக்கு வருவாளாக்கா? நீங்கதான் தெரிஞ்சவங்க, சொல்லுங்க."

இளவரசி உள்ளே திரும்பி லில்லியைப் பார்த்தாள். தன் பிள்ளைகள் இருவருக்கும் அம்மை பார்த்தவள் அவள். அவர்களுக்கு ஏழாம் நாள் பொருக்குக் கட்டிவிட்டது. லில்லிக்கோ தோல் உரிந்துகொண்டே போனது. தொண்டையில் கூழ் இறங்கி மூன்று நாள் ஆயிற்று. தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையை எடுப்பது அந்த வீட்டில் நடவாத காரியம். இளவரசி தன் கையாலேயே எடுத்தாள்.

"ஆட்டோ கூப்புடு," என்றாள்.

ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அம்மை இல்லை, ஒட்டுவாரொட்டி இல்லை, சாயமும் இல்லை. நோயை விரட்ட உடம்புக்குள் இருக்கிற காவல், ஆள் தெரியாமல் சொந்தத் தோலையே அடிக்கிறது என்றார் டாக்டர். அதை அடக்கத்தான் மாத்திரை. தான் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்றார்.

சத்யராஜ் விழித்தான். இளவரசிதான் விளக்கினாள்.

"கருட சேவையன்னிக்கிக் கயிறு புடிக்கிறவன், கூட்டத்தத் தள்றேன்னு சாமி தூக்கறவனையே தள்ளினா எப்பிடி? அதாம்பா."

லில்லி சிரிக்கப் பார்த்தாள். உதடு இடம் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, வாய் ஓரளவு ஆறிய ஒரு நாள், சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"தள்ளினவனுக்கு நீங்க பதினோரு நாளு தோரணம் வேற கட்டினீங்கக்கா."

"சாப்புடுடி," என்றாள் இளவரசி.

லில்லி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு நூல் இழைக்க உட்காருகிறாள்; இழையைக் கத்தரியால் அறுக்கிறாள்.