மூன்று அங்குல உயரம்

மாமி வண்டியில் ஏறுவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கதவைத் திறந்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் பின்பக்கமாக உட்கார்வார். பிறகு மடங்காத வலது காலை இரண்டு கைகளாலும் தொடைக்குக் கீழே பிடித்துத் தூக்கி உள்ளே வைப்பார். இடது கால் தானாக வந்து சேரும். ஊரில் ஷெல் துண்டு பட்டு முழங்கால் மடங்காமற் போன பிறகு அவராகவே கண்டுபிடித்த முறை அது. யாரையும் கைகொடுக்க விடமாட்டார். மாமாவின் பழைய பிக்கப்பின் இருக்கை அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். அவருக்காகவே அளந்து செய்ததுபோல் இருக்கும். மூன்று அங்குலம் கூடினால் அந்த முறை பலிக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதைத்தான் இத்தனை வருடங்களாக வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்தபோது, அப்டன் பார்க்கில் இருந்த தன் வீட்டின் மேல்மாடிச் சிறு அறையை எனக்குத் தந்தார். என் அகதி விண்ணப்பம் குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அங்கிருந்து கடிதம் வரும்வரை அந்த வீட்டைத் தவிர எனக்கு வேறு முகவரி இல்லை. பகலில் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீடுகளில் இங்கிலிஷ் படித்த பிள்ளைக்கென்று ஒரு வேலை உண்டு. டொக்டரிடமும் கவுன்சிலிலும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை இங்கிலிஷில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். நடுவில் சொந்தக் கருத்தைச் சேர்க்கக்கூடாது. அதை நான் நன்றாகவே செய்தேன். நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கினேன்.

மாமா வார நாட்களில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு வயலில் கூடும் சந்தையில் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் விற்றார். உண்மையில் விற்றவர் மாமிதான். அவருக்கு இங்கிலிஷ் வராது என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் விரிப்பை உதறிக் காட்டி, வாங்க வந்த கிழவியின் கன்னத்தில் அதன் ஓரத்தை ஒருமுறை தடவி, விரலால் விலை காட்டுவார். கிழவி சிரித்துக்கொண்டே பையைத் திறப்பாள். கிழமையில் ஆறு நாள் படியிறங்கவே யோசிக்கும் மாமி, ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்பாகக் கோட்டு அணிந்து வாசலில் நிற்பார். அவருக்கு லண்டன் என்றால் அந்த வயல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் ஞாயிறு. இரண்டு நாள் மழையில் வயல் களியாகிக் கிடந்தது. சந்தை முடிந்து புறப்படும்போது பிக்கப்பின் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. மாமா முடுக்க முடுக்க வண்டி கீழேதான் போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஐந்தாறு பேர், எல்லாம் எங்கள் ஆட்கள், தள்ள வந்தார்கள். மாமியால் அந்தச் சேற்றில் இறங்க முடியாது. அவர் உள்ளேயே இருந்தார்.

"அண்ணை, அக்காவை இறக்கிப்போட்டு எடுங்கோ. பாதிப் பாரம் குறையும்" என்றார் ஒருவர்.

"அக்காவை இறக்கினால் அவவை இழுக்க வேறையா ஒரு டிரக்டர் பிடிக்கோணும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே. கண்ணாடிக்குள் மாமி நேரே பார்த்தபடி இருந்தார். நான் வெளியில் நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பு எழுந்தபோது கதவருகில் இருந்த நான் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது நினைவிருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா என்னிடம், "பிள்ளை, நீ படிச்சனி. சேத்துக்கை தாழாமல் இருக்க வண்டிக்கு என்ன செய்யலாம் எண்டு பாத்துச் சொல்லு" என்றார்.

நூலகத்தில் இரண்டு புத்தகங்களும் ஒரு பழைய கார்ச் சஞ்சிகையும் கிடைத்தன. எனக்கு அதில் பெரிய ஆர்வமே வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேற்றுக்கென்று ஆழமான வெட்டுகள் உள்ள டயரைப் பழைய அளவிலேயே போடலாம். அது ஒரு வழி. இல்லாவிட்டால் பெரிய டயர் போட்டு அச்சைத் தரையிலிருந்து உயர்த்தலாம். டயர் பெருத்தால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டில் உரசும். அதற்கு இடம்விட, ஸ்பிரிங்குகளுக்குமேல் வண்டியின் உடலையும் உயர்த்த வேண்டும். பழைய வண்டிக்கு இரண்டு அங்குலத்துக்குமேல் போகக்கூடாது, பிரேக்கும் வளைவில் நிதானமும் கெட்டுப்போகும். இதையெல்லாம் ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். எது சேற்றில் குறைவாகப் புதையும் என்று மாமா கேட்கவில்லை. "எதிலை வண்டி கூடுதலா உயரும்?" என்று கேட்டார். பெரிய டயரில் ஒரு அங்குலம், ஸ்பிரிங்கில் இரண்டு, மொத்தம் மூன்று என்றேன். அவர் மாமி இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்தப் பார்வைக்கு நான் அப்போது அர்த்தம் தேடவில்லை. தேடாமலிருக்கக் கொஞ்சம் முயற்சி செய்தேன் என்பதுதான் சரி.

மெக்கானிக் ஜமெய்க்காவிலிருந்து வந்த வயதான மனிதர். ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே அவருடைய பட்டறை. வழியில் டொக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால் மாமியும் அன்று எங்களோடு வந்திருந்தார். அவர் இறங்கிய விதத்தை மெக்கானிக் கவனித்தார். உட்கார நாற்காலி இல்லாததால் நான்கு பழைய டயர்களை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, கடதாசிக் கோப்பையில் தேநீரும் கொடுத்தார். பிறகு என் தாளைப் படித்துவிட்டு, இவ்வளவும் தேவையில்லை என்றார். பழைய அளவிலேயே சேற்று டயர், பின்அச்சுக்கு மேலே நாலு மண்மூட்டை, அது போதும். நான் தமிழில் சொன்னேன்.

"அந்தாளுக்கு வேலை செய்யப் பஞ்சி, சோம்பேறி. எழுதினபடி செய்யச் சொல்லு" என்றார் மாமா.

சொன்னேன். மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டு, மூலையில் கிடந்த பழைய இரும்புகளுக்குள்ளிருந்து நீளமான ஒரு படியை இழுத்தெடுத்தார். வண்டியின் பக்கவாட்டில் பொருத்துவது. ஏறி நின்றுகொண்டு பின்பக்கமாக உட்காரலாம். சும்மா கிடக்கிறது, பூட்டித் தருகிறேன் என்றார். அதையும் சொன்னேன்.

"வேண்டாமெண்டு சொல்லு. ஒருத்தரும் ஏறுறேல்லை, நான் மட்டும்தான்."

சொன்னேன். மாமா டயர்களைப் பார்க்கப் பட்டறையின் பின்பக்கம் போய்விட்டார். மெக்கானிக் படியைக் கையில் வைத்தபடியே மாமியின் பக்கம் தலையை அசைத்து, அப்படியானால் இந்த அம்மா, என்று கேட்டார். மாமா அங்கே இல்லை. மொழிபெயர்க்க அவருடைய வாயிலிருந்து எனக்கு எந்தச் சொல்லும் வந்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு நான் விரும்பியதைச் சொல்லியிருக்கலாம். பூட்டுங்கள் என்றிருந்தால் அவர் பூட்டியிருப்பார், மாமாவும் மற்றவர் முன்னால் வாய் திறந்திருக்கமாட்டார். "நோ, அவர் வருவதில்லை" என்று இங்கிலிஷில் சொன்னேன். மெக்கானிக் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியைத் திரும்பவும் இரும்புகளுக்குள் போட்டார்.

அடுத்த ஞாயிறு காலை மாமி வழக்கம்போலக் கோட்டும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக வாசலில் நின்றார். வண்டி முன்னைவிட அழகாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாமி கதவைத் திறந்து, முதுகைக் காட்டி, பின்னால் சாய்ந்தார். இருக்கையின் விளிம்பு அவருடைய இடுப்புக்கு மேலே முட்டியது. போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு மறுபடி முயன்றார். மூன்றாவது முறை இடது கால் வழுக்கியதில் கதவைப் பிடித்துத் தொங்கினார். மாமா எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாட்டில் வீட்டிலை இரும். இந்தக் குளிருக்கை ஏன் அலையிறீர்" என்றார். அவர் மாமியோடு அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, நீ ஏறு" என்றார்.

ஏறினேன். மாமி சுடுதண்ணீர்ப் போத்தலைத் தூக்கி என்னிடம் நீட்டினார். கதவையும் அவரே சாத்தினார்.

அதன்பிறகு வண்டி ஒருமுறைகூடப் புதையவில்லை. நான்தான் இரண்டு வருடங்கள் கடையில் நின்றேன். முதல் மாதங்களில் வாடிக்கைக்காரக் கிழவிகள் அந்த அம்மா எங்கே என்று கேட்டார்கள். "ஊருக்குப் போயிட்டா எண்டு சொல்லு" என்றார் மாமா. அதையும் சொன்னேன். சனிக்கிழமைகளில் மாமி முன்னறையில் இருந்தபடி அடுத்த நாளுக்கான விரிப்புகளை மடித்து, ஒவ்வொன்றிலும் விலைத்துண்டு குத்துவார். யார் வந்தார்கள், எது போனது என்று கேட்பதைச் சில கிழமைகளில் நிறுத்திக்கொண்டார். நாலு மண்மூட்டையை அடுக்கி என்னால் ஒரு படி கட்டியிருக்க முடியாதா, ஒரு ஸ்டூல் வாங்கி வைத்திருக்க முடியாதா என்று இப்போது யோசிக்கிறேன். குரோய்டன் கடிதம் வரட்டும் என்று நினைத்தேன். கடிதம் வந்தது. அப்போதும் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது எனக்கு இரண்டு வயது மகள் இருக்கிறாள். பாலின் சூட்டை மூன்று முறை பார்ப்பேன், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து பார்ப்பேன். கிளினிக்கில் தாதி குழந்தையைப் பார்த்து ஏதாவது கேட்டால், அவளுக்காக நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு, அது சரிதானா என்று இரவெல்லாம் மனம் கிடந்து அடிக்கும். மாமா கோவில் நிர்வாகத்தில் இருக்கிறார். திருவிழாவுக்குச் சாமான் ஏற்றுவதற்கு அந்த உயரமான பிக்கப்தான் போகிறது. நல்ல மனிதர் என்கிறார்கள். மாமி வீட்டில் இருக்கிறார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, மகளை மடியில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அன்று சொன்னேன். பட்டறை, படி, அந்தக் கேள்வி, நான் சொன்ன பதில். கடிதத்துக்குப் பயந்து இருந்தேன் என்றும் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமி அடுத்த வாயை உருட்டினார்.

"நான் அங்கைதானே இருந்தனான்" என்றார். "அந்த மனிசன் என்னைக் காட்டித்தானே கேட்டவர். நீ 'நோ' எண்டனி. எனக்கு அவ்வளவு இங்கிலிசு தெரியும்."

"மாமா சொன்னதைத்தான் மாமி…"

"மாமா அப்ப பின்னாலை போயிட்டார்."

மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். மாமி ஊட்டிவிட்டு, அவளுடைய வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இதை இன்னொருக்கால் எனக்குச் சொல்லாதை. சொன்னால் உனக்குச் சுகமாயிருக்கும். எனக்கு என்ன?" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பிறகு, "பிள்ளையைத் தூக்கு. எனக்குக் கால் விறைக்குது" என்றார்.