குறி சுடாத மென்பொருள்

2023 யூன் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மழை இல்லை, சோளகக் காற்று. நெடுந்தீவில் எங்கள் மாடு வளர்ப்போர் சங்கக் கந்தோரின் யன்னல் அடித்துக்கொண்டிருந்தது. பதினேழு அடி எண்ணியபின் எழுந்துபோய்க் கயிற்றால் கட்டிவிட்டு, கணினியின் முன் இருந்தேன்.

அது வெளிநாட்டில் வாழும் எங்கள் ஊரவர் ஒருவர் பாவித்துக் களைத்தபின் அன்பளித்தது. அதற்குள் 412 மாட்டுக் குறிகள் இருந்தன. எங்கள் மாடுகள் கலந்து மேய்பவை. எது யாருடையது என்பதை உடம்பில் சுட்ட குறிதான் சொல்லும். காகிதப் பதிவேட்டில் கறையான் ஏறியதும், ஓய்வுபெற்ற கிளாக்கரான நான் இரண்டு வருடம் இருந்து எல்லாக் குறிகளையும் கணினியில் வரைந்தேன். பதிவேட்டின் மிச்சத்தைக் கறையான் முடித்துவிட்டது. ஆகவே ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான். வேகம் குறைந்துவிட்டதென்று அதைத் துடைத்துப் புதிய இயங்குதளம் போட நிர்வாகசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏழு பேரில் கணினியைத் தொட்டவன் நான் ஒருவன்தான். அன்று எனக்குக் காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் கணினி திருத்துநருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, குறியளைக் கொப்பி பண்ணுறது சின்ன வேலை. ஆனா வரைஞ்ச புரோகிராம் இல்லாட்டி அதுகள் திறவாது. அதின்ரை பேர் என்ன?"

"தெரியாது. மாட்டுத்தலைப் படம் ஒண்டு இருக்கு. அதை அமத்தினால் திறக்கும்."

"அப்ப கறுப்புத் திரையைத் திறந்து நான் சொல்லுற வரியை அடியுங்கோ. உள்ளுக்கை போட்டிருக்கிற மென்பொருள் எல்லாத்தையும் காட்டும். அந்த லிஸ்ற்றைக் கொண்டுவாங்கோ, அதுகளையே புதுசிலையும் போட்டுத் தாறன்."

அடித்தேன். 1,386 வரிகள். அச்சு யந்திரத்தில் நாலு வருடமாக மை இல்லை. கையால் எழுதினேன், நாளுக்கு 154, ஒன்பது நாள், மூன்று அப்பியாசக் கொப்பி. திபெத்திய எழுத்துரு இருந்தது. சீட்டு விளையாட்டு மூன்று இருந்தது. எங்கள் மாடுகளுக்கு இவற்றால் என்ன பயன் என்று, இரண்டு மாலையும் நாலு பேச்சுமாக அந்தப் பெட்டியை வரவேற்ற நாளில் யாரும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் தினமும் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளாக்கர், வாக்காளர் இடாப்பே எழுதுறியள்?"

"ஓம், இதிலையும் ஒருத்தருக்கும் தெரியாத பேருகள்தான் கனக்க."

பத்தாம் நாள் பெட்டியையும் கொப்பிகளையும் வள்ளத்தில் ஏற்றி, குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் பிடித்தேன். கடையில் திருத்துநர் கொப்பிகளைப் புரட்டினார்.

"கையாலையோ எழுதினனீங்கள்? நான் சொன்ன வரிக்குப் பின்னாலை ஒரு அடையாளமும் ஒரு பேரும் போட்டிருந்தால் லிஸ்ற் தானே ஒரு ஃபைலிலை விழுந்திருக்குமே."

"அதை நீர் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை, ஐயா."

மூன்றாவது கொப்பியையும் மூடினார். "இதிலை மாட்டுக்குறி வரையக்கூடிய புரோகிராம் ஒண்டுமே இல்லை. முந்தியே அழிஞ்சிருக்கும். அப்ப துடைக்கிறன்." கை விசைப்பலகைக்குப் போய்விட்டது.

"நில்லும்!" என்றேன். கடையிலிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "பதிவிலை இல்லாட்டி மாடே இல்லையெண்டோ? குறி சுடேல்லை, அவ்வளவுதான். மேய்ஞ்சுகொண்டுதான் நிக்கும். அந்த மாட்டுத்தலையை அமத்தும்."

அமத்தினார். முதலாவது குறி திரையில் வந்து நின்றது. அந்தப் புரோகிராமை, பெட்டியைத் தந்தவர் முறைப்படி நிறுவாமல் ஏதோ ஒரு குறுந்தட்டிலிருந்து கோப்புறையோடு அப்படியே இறக்கிவிட்டிருக்கிறார். முறையாக நிறுவியதை மட்டுமே அந்தப் பட்டியல் காட்டுமாம். இதைத் திருத்துநர் எனக்கு விளக்கினார், தானே கண்டுபிடித்தவர்போல. குறி சுடாத கன்று எந்தப் பதிவேட்டிலும் இராது என்பது, அத்தனை காலம் பதிவேடு வைத்திருந்த எனக்கு ஒன்பது நாளாக உறைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கோப்புறையையும் குறிகளையும் பென் டிரைவில் ஏற்ற நாலு நிமிடம், மணிக்கூடு பார்த்தேன். பெட்டியைத் துடைத்துப் புதியது போட்டபின், 412 குறிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் எழுந்தேன். அதற்குள் கடைசி வள்ளம் போய்விட்டது. திருத்துநர் 'தரவு மீட்பு' என்று தனியாக ஒரு பற்றுச்சீட்டு எழுதினார். யார் மீட்டது என்று அதில் இல்லை. ஊருக்கு வந்ததும் தலைவர், "கொப்பியளை எழுதச் சொல்லி ஆர் சொன்னது? சங்கம் ஒரு சதமும் தராது" என்றார். இரவு தங்கியது, வள்ளம், பஸ், கொப்பி, பேனை, பென் டிரைவ், நான் மீட்டதற்கு நான் கொடுத்த கூலி, எல்லாமாக என் கையிலிருந்து 8,745 ரூபா.