பேனட் மேல் வைத்த அத்திப்பழம்

நாமக்கல் முத்தாயம்மாள் வீட்டில் ஃப்ரீசரைத் திறக்க அவளைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. இரண்டு லாரி வைத்து அதில் ஒன்றைத் தானே ஓட்டும் கணவர் வெள்ளியங்கிரி, புனேயிலிருந்து வாங்கிவந்த ஒரு கிலோ உலர்ந்த அத்திப்பழம் நாலு மாதமாக அதற்குள் உறைந்து கிடந்தது. வெளியே வைத்தால் புழு வைக்கும், இல்லாவிட்டால் வெள்ளியங்கிரி கை வைப்பார்.

“ஒண்ணே ஒண்ணு குடு புள்ளே. வாங்கியாந்தவன் நானாக்கும்.”

“மைதிலியப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்குங்க. வாயக் கட்டுங்க.”

சங்ககிரி மாப்பிள்ளையின் அம்மா பாப்பாயியிடம் போனில் அந்தப் பழத்தைப் பற்றி அரைமணி நேரம் பீற்றியும் விட்டாள். இனி அது தட்டில் இல்லாவிட்டால் மானம் போகும்.

அவர்கள் வரும் நாள் காலை ஆறு மணிக்குத்தான், ராத்திரியே எடுத்து வெளியே வைக்க மறந்தது உறைத்தது. கவர் செங்கல்லாக இருந்தது. மகள் மைதிலி கத்தரிக்கோலுடன் வந்தாள்.

“கைய எடுடி! சில்லுன்னு இருக்கையில பிரிச்சா வேர்த்துக் கொழகொழன்னு ஆயிரும். கவரோடயே சில்லு விடோணும்.”

வெள்ளியங்கிரி கவரைத் தூக்கிப் போனார். முப்பது வருடமாகச் சாப்பாட்டைச் சூடாக்கிய இடம் அவருக்குத் தெரியும். டிரைவர் அறிவழகன் அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்திய லாரியில், கேபினுக்குள் என்ஜின் பேனட் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் லாரி இல்லை. அறிவழகன் சங்ககிரிப் பட்டறைக்கு ஓட்டிப் போய்விட்டான்.

“பழத்த லோடு ஏத்தி அனுப்பிச்ச மொத ஆளு நீங்கதானுங்க!” என்று முத்தாயம்மாள் ஆரம்பித்ததும் அவர் கொல்லைப்பக்கம் போய் அறிவழகனுக்குப் போன் போட்டார்.

“சாமி, பேனட் மேல இருக்கற கவர மாப்ள ஊட்ல குடுத்துரு. அவங்க இங்கதான் வாராங்க.”

“சரிங்கண்ணா.”

‘வரும்போது கொண்டாரச் சொல்லு’ என்று இவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு, காரில் வந்த நாலு பேரில் பாப்பாயி முதலில் இறங்கினாள்.

“ஏனுங்க, வர்றதுக்கு முன்னாலயே பழம் அனுப்பற மனசு யாருக்குங்க வரும்! இளஞ்சூடா, மெத்துமெத்துன்னு. வார வழியிலயே முடிச்சுட்டமுங்க.”

“ஒரு கிலோவுமுங்களா?” முத்தாயம்மாள் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

அதற்குள் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“பாத்ரூம் எங்கீங்க?”

மைதிலி காப்பித் தட்டோடு வந்தபோது கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. வந்தவர்கள் பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவி வந்த பாப்பாயி சொன்னாள்:

“பொண்ணப் புடிச்சுப் போச்சுங்க. கல்யாணத்துக்கு மட்டும் அத்திப்பழம் வேண்டாமுங்க.”

கார் கிளம்பியதும் வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நாலு மாசமா எனக்குக் குடுக்காத இருந்தியே, நீ நல்லா இருப்பே புள்ளே.”